நினைவூட்டு, பாராட்டு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவு பெய்த மழை நின்றிருந்தது. தெருவில் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்ததால் கடற்கரைச் சாலை நடை கிடையாது. மொட்டை மாடியிலேயே நடந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வைத்தேன். நாற்காலியில் முதுகைச் சாய்த்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இடது கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தேன். 134க்கு 84. கருவி அதைத் தானாகவே அலைபேசிக்கு அனுப்பியது. "நல்ல தொடக்கம்! தொடர்ந்து முயலுங்கள்" என்றது செயலி. முந்தின நாளும் அதையேதான் சொன்னது. இட்லி, உப்பு குறைத்த சட்னி, மாத்திரை. உப்பளங்களுக்கு நடுவே போகும் துறைமுகச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டி, எட்டரைக்கு என் இருக்கைக்கு வந்தேன்.

நான் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். கப்பலுக்குப் போகிற பெட்டிக்கும் கப்பலிலிருந்து வருகிற பெட்டிக்கும் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உடம்புக்கும் எனக்கும் தொழில்முறையில் சம்பந்தம் கிடையாது. அந்த வருடம் எங்கள் குழுக் காப்பீட்டோடு சேர்ந்து ஒரு செயலியும் வந்தது. நாற்பது வயது தாண்டிய எல்லோரும் தினமும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிரிவுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அவரவர் அலைபேசியில் அவரவர் கணக்கைத் திறந்து அளவெடுத்தால் எண் நேராக வெளியூரில் இருக்கும் டாக்டரின் திரைக்குப் போய்விடும். கையால் எண்ணை எழுத முடியாது. அந்த நம்பிக்கை எங்கள் மேல் யாருக்கும் இல்லை. நான் எனக்கென்று தனியாக ஒரு கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன்.

எல்லாப் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளாச்சே சார்" என்றார். அப்படித்தான் நான் "நலத்தோழர்" ஆனேன்.

நலத்தோழருக்குத் தனிப் பக்கம் உண்டு. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. எண்கள் எனக்குத் தெரியாது. அது டாக்டருக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ளது. வட்டத்தைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று "நினைவூட்டு." அதை அழுத்தினால் அந்த ஆளின் அலைபேசியில் மணி அடித்து "மறந்துவிட்டீர்களா?" என்று கேட்கும். இன்னொன்று "பாராட்டு." அதை அழுத்தினால் இரண்டு கைகள் தட்டுவதுபோல் ஒரு படம் போகும். மூன்றாவதாக ஒரு பொத்தான் இருக்கும் என்று நினைத்துப் பல நாள் தேடியிருக்கிறேன். இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திறந்ததும் ஒரே ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. யாருடையது என்று திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

அவர் யார்டு கிரேன் ஆப்பரேட்டர். பெட்டி வரிசைகளின் மேலே கவட்டை விரித்து நிற்கும் பெரிய சக்கரக் கிரேன் அது. நாலு மாடி உயரத்தில் தொங்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே பார்த்தபடி பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். கடற்கரைத் தெருக்காரர். என்னைவிட ஏழு வயது இளையவர். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை "வே" போட்டு உரிமையோடு பேசுவேன். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுச் சாப்பாடு எனக்கு வந்துவிடும்.

அவருடைய வட்டம் ஒரு வாரம் முழுக்கப் பச்சையாக இருக்கும், அடுத்த வாரம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். செயலியின் மாதப் பக்கத்தில் பார்த்தால் யாரோ கட்டம் போட்டு வண்ணம் தீட்டியது மாதிரி இருக்கும். பகல் ஷிஃப்ட் வாரம் பச்சை, இரவு ஷிஃப்ட் வாரம் சிவப்பு. இது ஏன் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. முந்தின நாள், திங்கட்கிழமை, ஒரு கப்பலின் அவசரக் காகிதத்துக்காகக் காலை ஆறு மணிக்கே யார்டுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆறு மணிக்கு இரவு ஆட்கள் கிரேன்களிலிருந்து இறங்கி நேராக ஆப்பரேட்டர் அறைக்கு வருகிறார்கள். கருவி அங்கேதான் மேஜைமேல் இருக்கிறது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சுற்றி நின்றுகொண்டு, பட்டையை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: எவன் எண் அதிகமோ அவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

"ஏலே, மாமா கையக் காட்டுதாரு. டீக்கடைக்குப் போன் போடு."

"இன்னும் எண்ணே வரலையேடா."

"அது எங்க வரும். மெஷினே அவரப் பாத்து நடுங்குது."

"நூத்தி அறுபத்தெட்டு. வடையும் உண்டுமா மாமா?"

"போங்கலே. இந்த மாசம் டீக்கடைக்காரரு குடும்பத்தையே நான்தான் காப்பாத்துதேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

அந்தக் கேலிக்கு நடுவில் எனக்கு விஷயம் பிடிபட்டது. செயலி காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எடுக்கும் அளவை மட்டும்தான் கணக்கில் கொள்ளும். மற்ற நேரத்தில் எடுத்தால் "கூடுதல்" என்று ஓரமாக வைத்துக்கொள்ளும். டாக்டருக்கும் போகாது, வட்டத்தின் நிறமும் மாறாது. செயலிக்குக் காலை என்றால் ஓர் ஆள் தூங்கி எழுந்த நேரம். இவருக்குக் காலை என்றால் இரவெல்லாம் குனிந்து பெட்டி தூக்கி, இறங்கி வந்து, நாலு பேர் கேலிக்கு நடுவில் கை நீட்டுகிற நேரம். மற்றவர்களுக்கும் எண் ஏறத்தான் செய்தது. அவர்களுக்கு மஞ்சளோடு நின்றது, இவருக்குச் சிவப்பு வரைக்கும் போனது.

சிவப்பு என்பது வெறும் நிறம் இல்லை. தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் மொத்தம் மூன்று வாரங்கள் சிவப்பு நின்றால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். இது அவருக்கு மூன்றாவது சிவப்பு வாரம். அவருக்கு முன்னால் அப்படி இறக்கப்பட்டவர் இப்போது வாசலில் நின்று லாரிகளின் பெட்டி எண்களை எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் நிற்கும் பக்கம் பார்க்காமலே இவர் வாசலைக் கடந்து போவதை நான் கவனித்திருக்கிறேன். ஒவ்வொரு சிவப்பு வாரத்துக்கும் டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தார். கூட்டிய மாத்திரை பகல் வாரத்திலும் உடம்புக்குள் போய்க்கொண்டுதானே இருக்கும் என்று நான் யோசித்தேன். யோசிக்க மட்டும்தான் முடிந்தது.

செவ்வாய் காலை பத்து மணிக்கு அவருக்குக் காணொளியில் டாக்டர் நேரம் கிடைத்திருந்தது. அவர் அலைபேசியில் கேமரா உடைந்துபோயிருந்ததால் என் மேஜைக் கணினிக்கு வந்தார். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தவர், கண் சிவந்திருந்தது. நான் எழுந்து போகப் பார்த்தேன். "இங்கனயே இரும் அண்ணாச்சி. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல எங்க பாத்துப் பேசணும்னே தெரியாது" என்றார்.

திரையில் வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். முகத்தில் கனிவு இருந்தது. ஓரத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"டோஸ் கூட்டியும் காலை ரீடிங் இறங்கவே இல்லையே சார். உப்பு எப்படி? ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் ஏதாவது?"

"கிடையாது டாக்டர்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"டாக்டர், இவருக்கு ராத்திரி ஷிஃப்ட். கிரேன்ல இருந்து இறங்கின உடனே அளவெடுக்குறாங்க" என்றேன்.

"நீங்க யாரு?"

"நலத்தோழர்."

"ஓ. சரி, அப்போ தூங்கி எழுந்து எடுக்கச் சொல்லுங்க."

"தூங்கி எழும்போது மத்தியானம் ரெண்டு மணி ஆயிடும். அந்த நேரத்து அளவு கூடுதல்னு ஒதுங்கிடும். உங்களுக்கு வராது."

டாக்டர் திரையில் வேறு எதையோ தேடினார். கிடைக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஆமா. எனக்குக் காலை ரீடிங் மட்டும்தான் காட்டுது. நான் டீமுக்கு எழுதுறேன் சார், கண்டிப்பா எழுதுறேன். ஆனா அதுவரைக்கும் நூத்தி அறுபத்தெட்டைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாது இல்லையா? இன்னொரு மாத்திரை சேர்க்கிறேன். ரெண்டு வேளை. தலைசுத்தல், கண்ணு இருட்டுறது அப்படி ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றார் இவர்.

கடிகாரம் முடிந்தது. டாக்டரின் முகம் போய், "இந்த ஆலோசனைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று திரை கேட்டது. இவர் ஐந்தையும் அழுத்திவிட்டு எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னவே?"

"ஒண்ணுமில்ல. போன வாரம் ஏணில ஒரு தடவை இப்படித்தான் வந்துச்சு. பாதி இறங்கிட்டேன், ஒரு நிமிசம் கம்பியக் கட்டிப் புடிச்சிட்டு நின்னேன். சரியாப் போச்சு."

"அதைத்தானவே அந்த அம்மா கேட்டாங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா இறக்கிருவாவ."

"கருவாடு திங்குறதும் சொல்லல."

"கருவாடு அவுங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி. ஊறுகாய்தான கேட்டாவ." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

டாக்டரை மறுபடி பிடிக்கப் பார்த்தேன். அடுத்த நேரம் வெள்ளிக்கிழமைதான் என்று செயலி சொன்னது. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அழகான தமிழில் பேசிய பெண், பயனாளர் தன் எண்ணிலிருந்து தானே கூப்பிட்டால்தான் விவரம் பேச முடியும் என்றார். பயனாளர் உண்மையைச் சொல்ல மாட்டார் என்பதுதான் நான் சொல்ல வந்த விவரம் என்றேன். அவர் விசைகளைத் தட்டுவது கேட்டது. பிறகு, இதைக் குறித்துக்கொள்வதாகவும், இருபத்து நாலு மணி நேரத்தில் யாராவது தொடர்பு கொள்வார்கள் என்றும் சொன்னார். குரலில் வருத்தம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் அவர் மனைவி கூப்பிட்டாள். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள். எளிதில் பதறுகிறவள் இல்லை.

"அண்ணாச்சி, தூங்கி எந்திச்சு தண்ணி குடிக்கக் குசினிக்கு வந்தாவ. வந்த ஆளு சுவத்தப் புடிச்சிட்டு அங்கனயே உக்காந்துட்டாவ. உடம்பெல்லாம் வேர்த்துட்டு. இப்பப் படுத்திருக்காவ. காலையில வரும்போதே அந்தப் புது மாத்திரைய வாங்கிப் போட்டுட்டுத்தான் படுத்தாவ. ராத்திரிக்கும் ஒண்ணு போடணுமாம். குடுக்கவா, வேண்டாமா?"

நான் ஒரு எண்ணைக்கூடப் பார்க்க அனுமதி இல்லாத ஆள். எனக்குப் பழக்கமான கேள்விகளுக்கெல்லாம் காகிதத்தில் பதில் இருக்கும். இதற்குக் குடு என்று சொன்னாலும் தப்பாகலாம், வேண்டாம் என்று சொன்னாலும் தப்பாகலாம். "டாக்டரக் கேக்காம நான் சொல்லக் கூடாது தங்கச்சி. படுத்தே இருக்கட்டும். நான் வாரேன்" என்றேன். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் என் கருவியை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருவுக்குப் போனேன். மழைக்கு வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார். "ஏளா, அண்ணாச்சிக்கு நாக்காலி போடு. எதுக்கு இவரப் போட்டு அலையவிடுத?" என்று மனைவியைக் கடிந்துகொண்டார். அவருடைய அலைபேசி என் கருவியை ஏற்கவில்லை. அலுவலகக் கருவியைத் தவிர, அவரவர் பெயரில் பதிவு செய்த கருவியை மட்டும்தான் ஏற்குமாம். வேறு வழியில்லாமல் என் கணக்கிலேயே, அவரைச் சாய்ந்து உட்காரவைத்து, பேசவிடாமல் அளவெடுத்தேன்.

102க்கு 64.

என் அலைபேசி அதிர்ந்தது. "அருமை! இதுவரை உங்களின் மிகச் சிறந்த அளவு!" என்று வண்ணக் காகிதத் துண்டுகள் திரையெல்லாம் பறந்து விழுந்தன. ஒரு பதக்கமும் கொடுத்திருந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் கைக்கு உமக்குப் பதக்கமா? ஒரு டீயாவது வாங்கித் தாரும்" என்றார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். இன்னும் இறங்கியது. அவர் சுவரில் கை வைத்திருந்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "அந்தக் கிரேன்ல இவிய ஏறணுமா அண்ணாச்சி இன்னைக்கு?" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்த்தார். மாத்திரை உறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். புது மாத்திரையை இன்றிரவு போட வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கு உயரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லி அப்படியே சீட்டிலும் எழுதினார்.

"சரி டாக்டர்" என்றார் இவர். காலையில் அந்தப் பெண்ணிடம் "இல்ல டாக்டர்" என்று சொன்ன அதே குரல்.

வெளியே வந்ததும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். வெளி டாக்டர் சீட்டு ஏறினால் அந்த நிமிடமே அவர் பெயர் கிரேன் பட்டியலிலிருந்து போய்விடும்; மறுபடி சேர்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து தகுதிச் சான்று வர வேண்டும். வாசலில் எண் எழுதுகிறவருக்கு அது இன்னும் வரவில்லை.

"ஏத்தும்வே" என்றேன்.

"பாப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அலைபேசியைத் திறந்து அவர் வட்டத்தைத் தொட்டு "நினைவூட்டு" பொத்தானை அழுத்தினேன். அவர் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"பக்கத்துல நின்னுட்டே மெசேஜ் போடுதீரே அண்ணாச்சி."

"வேற என்ன செய்யச் சொல்லுதீரு?"

அவர் அலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினாள். "நீங்க ஆபீஸ்ல சொல்லிருங்க அண்ணாச்சி. வாசல்ல நின்னாலும் சரி, எங்க நின்னாலும் சரி. எனக்கு ஆளு வேணும்."

"சொன்னீருன்னா" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தவர் முடிக்காமல் விட்டார். மழை தூறியது. மூன்று பேரும் ஒரு பூட்டின கடையின் ஷட்டரோடு ஒட்டி நின்றோம்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, தெரு முனையில் வண்டியை நிறுத்தி, இரவு ஷிஃப்ட் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். நண்பர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் கூப்பிட்டேன். கிளினிக் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பொறுப்பாளர் நல்ல மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார். "எனக்கு வர்ற பட்டியல்ல அவர் பேரு ஃபிட்டுன்னுதான் இருக்கு சார். நிறம் கூட எனக்கு வராது. சீட்டு ஏறியிருந்தா நானே அவர நிறுத்திடுவேன். மழையில ரெண்டு ஆப்பரேட்டர் வரல, கப்பல் காத்துக் கிடக்கு. ரேகை மெஷின்ல விரல் வச்சு உள்ள வந்த ஆள நான் எந்தக் கணக்குல திருப்பி அனுப்ப?"

"நான் சொல்லுதேன்ல?"

"நீங்க சொல்லுதிய. நான் நம்புதேன். ஆனா நாளைக்கு என்னைக் கேட்டா நான் எதைக் காட்ட? வந்தா கேட்டுப் பாக்கேன். கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லப்போறாரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மேலாளருக்கும் போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி வரவில்லை.

ஒன்பது மணிக்கு அவர் மனைவியிடமிருந்து செய்தி வந்தது. கிளம்பிட்டாவ. மாத்திரை போடல. சீட்டு சட்டையிலதான் இருக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் பதில் எழுத நாலைந்து முறை ஆரம்பித்து அழித்தேன். கடைசியில் "சரி" என்று போட்டேன். அந்தச் சொல்லை அனுப்பிய பிறகுதான் அது எவ்வளவு வேண்டாத சொல் என்று தெரிந்தது.

மறுநாள், புதன்கிழமை. எழுந்ததும் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனதுதான் முதல் காரியம். விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் ஹெல்மெட்டும் பளபளக்கும் மேற்சட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு, பெட்டி வரிசைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் நடந்து அவருடைய கிரேனடிக்குப் போனேன். அது கடைசிப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அப்போதுதான் நின்றது. மேலே கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் திரும்பி, முகத்தை ஏணிப் பக்கம் வைத்து, ஒரு காலை இறக்கிக் கம்பியைத் தேடினார். மழையில் கம்பிகள் நனைந்திருந்தன. கொஞ்சம் இறங்கியதும் நின்றார். ஏன் நின்றார் என்று கீழேயிருந்து தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரே என்று பயந்து நான் கூப்பிடவில்லை. அந்த ஏணி கிரேனின் காலோடு சேர்த்து வெல்டு வைத்தது. அசையாது, யாரும் பிடிக்க வேண்டியதில்லை. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.